தாய்மொழிக்குத் திரும்பிய நாவலாசிரியர்: நுகுகி வா தியாங்கோ

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பாகிய உரையின் எழுத்து வடிவம்)



ஆபிரிக்க நாவல் என்றதும் நம்மிற் பலர் முதலிற் சொல்லும் பெயர் நைஜீரியாவின் சினுவா அச்செபே. அது நியாயமானதே. ஆயினும், இன்றைய உரைக்கு நான் எடுத்துக்கொண்டிருப்பவர் ஆபிரிக்காவின் மறுகரையிலிருந்து, கென்யாவிலிருந்து வந்தவர். 2025ஆம் ஆண்டு மே மாதம் 28ஆம் திகதி, தமது 87ஆவது வயதில், தாய்நாட்டிலிருந்து வெகு தொலைவில் அமெரிக்காவிற் காலமான நுகுகி வா தியாங்கோ. தமிழகத்துப் பதிப்புகளிலே ‘கூகி’ என்று அச்சிடப்பட்டிருப்பதைச் சிலர் கண்டிருப்பீர்கள். இருவரும் ஒருவரே. தியாங்கோவின் மகன் நுகுகி என்பதுதான் பெயரின் பொருள்.

ஆங்கிலத்தில் எழுதி உலகப் புகழ் பெற்ற ஓர் எழுத்தாளர், தமது நாற்பதாவது வயதளவில், ‘இனி என் நாவல்களை ஆங்கிலத்தில் எழுதமாட்டேன்’ என்று தீர்மானிக்கிறார். கிக்கூயு என்ற தமது தாய்மொழிக்குத் திரும்புகிறார். இதை ஓர் உணர்ச்சிவசப்பட்ட முடிவென்று சிலர் சொன்னார்கள். இலக்கியத் தற்கொலை என்று சொன்னவர்களும் உண்டு. அவர் ஏன் அந்த முடிவுக்கு வந்தார், அதனால் என்ன பெற்றார், என்ன இழந்தார் என்பதையே இன்று சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

1938 ஜனவரி 5ஆம் திகதி, நைரோபிக்கு அண்மையிலுள்ள லிமுறு பகுதியில், கமிரீது என்ற கிராமத்திற் பிறந்தவர் நுகுகி. தந்தைக்கு நான்கு மனைவியர். மூன்றாவது மனைவியாகிய வஞ்சிக்கூவின் பிள்ளை இவர். லிமுறு குளிர்ந்த மேட்டுநிலம். தேயிலை விளையும் பூமி. அந்த வளமான நிலங்களை வெள்ளையர் தமதாக்கிக்கொள்ள, அதே நிலத்தின் பழைய சொந்தக்காரர்கள் அதிற் கூலிகளாக நின்ற காலம் அது. நுகுகியின் முதல் நாவலில் வரும் கொத்தோ என்ற தகப்பன், தன் முன்னோரின் காணியிலேயே ஹவ்லன்ட்ஸ் என்ற துரையிடம் வேலை செய்கிறான். என்றோ ஒருநாள் அந்தக் காணி தன்னிடம் திரும்பிவரும் என்ற நம்பிக்கையில், அதைத் தன்னுடையதுபோலவே பராமரிக்கிறான். துரைக்கும் அந்த நிலத்தின்மேல் உண்மையான பாசம் உண்டு. ஒரே நிலத்தை இருவர் நேசிக்கிறார்கள். கென்யாவின் வரலாற்றை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியுமென்று நான் நினைக்கவில்லை.

எழுத்தறிவற்ற தாயே மகனைப் பாடசாலைக்கு அனுப்பினார். பரீட்சையில் அவன் எத்தனை புள்ளிகள் எடுத்து வந்தாலும், ‘உன்னாலியன்ற அளவு செய்தாயா?’ என்றுதான் கேட்பாராம். பத்துக்குப் பத்து வாங்கி வந்தாலும் அதே கேள்விதான்! 2010இல் வெளிவந்த தமது இளமைக்கால நினைவு நூலில் நுகுகி இதை எழுதியிருக்கிறார்.

1952 ஒக்டோபரில் பிரித்தானிய ஆட்சியினர் கென்யாவில் அவசரகால நிலையைப் பிரகடனஞ் செய்தனர். மௌ மௌ என்று அவர்கள் பெயரிட்ட நிலமீட்புப் போராளிகளை ஒடுக்குவதற்காக வந்த சட்டம் அது. நுகுகியின் குடும்பத்தை அது பல துண்டுகளாகப் பிளந்தது. ஒரு தமையன் காட்டுக்குப் போய்ப் போராளிகளுடன் சேர்ந்தார். அதன் பொருட்டுத் தாய் தடுத்து வைக்கப்பட்டுச் சித்திரவதைக்குள்ளானார். காது கேளாத இன்னொரு சகோதரர், ‘நில்’ என்று படையினர் கத்தியது கேட்காமல் ஓடியபோது, சுடப்பட்டு மாண்டார். அக்காலத்தில் நுகுகி, அலையன்ஸ் உயர்தரப் பாடசாலையில், ஆங்கிலேய அதிபரின் கீழ் ஷேக்ஸ்பியரைப் படித்துக்கொண்டிருந்தார். முதலாந் தவணை முடிந்து வீடு திரும்பிய சிறுவன் தன் கிராமத்தைத் தேடுகிறான். கிராமம் இல்லை! குடிசைகள் தரைமட்டமாக்கப்பட்டு, சனங்கள் காவலுக்குட்பட்ட புதிய குடியேற்றத்துக்கு மாற்றப்பட்டிருந்தனர்.

பாடசாலையில் நடந்த வேறொன்றையும் சொல்லவேண்டும். அவசரகால நிலைக்குப் பின்னர் பாடசாலைகளில் ஆங்கிலமே போதனாமொழியாயிற்று. வளவுக்குள் கிக்கூயு பேசிப் பிடிபட்ட பிள்ளைக்குப் பிரம்படி. அல்லது, ‘நான் ஒரு கழுதை’ என்றோ ‘நான் மடையன்’ என்றோ பொறித்த தகட்டைக் கழுத்திற் கட்டிக்கொண்டு திரியவேண்டும். குற்றவாளியைக் கண்டுபிடிக்க ஒரு தந்திரமும் வைத்திருந்தார்கள். காலையில் ஒரு பிள்ளையிடம் ஒரு பொத்தானைக் கொடுப்பார்கள். தாய்மொழி பேசும் அடுத்த பிள்ளையிடம் அவன் அதைக் கைமாற்றவேண்டும். மாலையில் அது யார் கையில் இருக்கிறதோ அவர் மற்றவரைக் காட்டிக்கொடுக்க, அந்த மற்றவர் வேறொருவரைக் காட்டிக்கொடுக்க, அன்றைய குற்றவாளிகள் அனைவரும் வரிசையாக அகப்படுவர். மொழியைத் தண்டித்தது மாத்திரமல்ல, காட்டிக்கொடுக்கவும் கற்றுக்கொடுத்தார்கள் என்று நுகுகி பின்னர் கசப்புடன் எழுதினார். வயது முதிர்ந்த நேயர்கள் சிலருக்குத் தமது பாடசாலை நாட்கள் இப்போது ஞாபகத்துக்கு வந்தால் வியப்பில்லை.

பின்னர் உகண்டாவின் கம்பாலா நகரில், மக்கரேரே பல்கலைக்கழகக் கல்லூரி. 1962இல் அங்கே ஆங்கிலத்தில் எழுதும் ஆபிரிக்க எழுத்தாளர்களின் மாநாடொன்று கூடியது. அச்செபே, வொலே சொயின்கா ஆகியோர் வந்திருந்தனர். மாணவராயிருந்த நுகுகிக்கும், சில சிறுகதைகளை எழுதியிருந்த காரணத்தால், அழைப்புக் கிடைத்தது. தமது நாவலின் கையெழுத்துப் பிரதியை அச்செபேயிடம் கொடுத்தார். அந்நாவல் 1964இல் லண்டன் ஹைனமன் நிறுவனத்தின் ஆபிரிக்க எழுத்தாளர் வரிசையில் வெளிவந்தது. கிழக்கு ஆபிரிக்கர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதி வெளிவந்த முதல் பெரிய நாவல் அதுவே. அந்த மாநாட்டைப் பற்றி நுகுகி பின்னாளிற் கேட்ட கேள்வி கூர்மையானது. சுவாஹிலி மொழியின் பெருங் கவிஞரான ஷாபான் ரொபேட்டுக்கு அங்கே இடமில்லை. யொரூபா மொழியில் நாவல்கள் எழுதிய பாகுன்வாவுக்கும் இடமில்லை. இரண்டு கதை எழுதிய மாணவனுக்கு இடமுண்டு. ஏன்? அவன் எழுதியது ஆங்கிலத்தில்!

நாவலாசிரியர் என்ற வகையில் நுகுகியின் உச்சம் எது என்று என்னைக் கேட்டால், 1967இல் வெளிவந்த ‘ஒரு கோதுமை மணி’ என்றே சொல்வேன். இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த காலத்தில் எழுதியது. கொழும்பிற் பழைய புத்தகக் கடையொன்றில், செம்மஞ்சள் நிற முதுகுடன் கூடிய அந்த ஹைனமன் பதிப்பு எனக்கு அகப்பட்டது. இரண்டு இரவுகளில் வாசித்து முடித்தேன். அதன் பிறகு பல தடவை வாசித்திருக்கிறேன்.

கென்யா சுதந்திரமடைந்த 1963 டிசம்பர் 12ஆம் திகதியைச் சுற்றிய சில நாட்களே நாவலின் நிகழ்காலம். ஊர் விழாவுக்கு ஆயத்தமாகிறது. விழாவிற் பிரதான உரை நிகழ்த்த மூகோ என்பவனை அழைக்கிறார்கள். தடுப்பு முகாமில் எந்த இரகசியத்தையும் வெளியிடாத வீரன் அவன் என்று ஊர் நம்புகிறது. அவன் அதிகம் பேசாதவன், தனியன். அந்த மௌனத்தையே ஊர் வீரமென்று எடுத்துக்கொள்கிறது. தூக்கிலிடப்பட்ட போராளி கிஹீக்காவைக் காட்டிக்கொடுத்தவன் யார் என்பது ஊரின் கேள்வி. வெள்ளையரின் ஊர்க்காவற்படையிற் சேர்ந்த கரஞ்சாமீதே எல்லோருக்கும் சந்தேகம். ஆனால், காட்டிக்கொடுத்தவன் மூகோதான். மேடையில் ஏறி, தானாகவே, சனங்களுக்கு முன்னால் அதை ஒப்புக்கொள்கிறான்.

இந்த நாவலில் எவருமே சுத்தமானவர் அல்லர். கிக்கோன்யோ என்ற தச்சன் தடுப்பு முகாமில், மனைவியைக் காணும் ஆசையில், தான் எடுத்த சத்தியப்பிரமாணத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறான். ஆறு வருடங்களின் பின் வீடு வந்தால், மனைவி மும்பியின் கையில் கரஞ்சாவின் பிள்ளை! விடுதலைப் போராட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பொதுவாக வீரரையும் துரோகியையும் இரண்டு பக்கமாக நிறுத்திவிடுவார்கள். வாசகனுக்கும் அது வசதி. நுகுகி அந்த வசதியைத் தரவில்லை. சுதந்திரம் பிறந்து நான்கு வருடங்களுக்குள், வீரவழிபாடு உச்சத்திலிருந்த நேரத்தில், அவர் இப்படி எழுதினார் என்பதை நினைத்துப் பார்க்கவேண்டும்.

நைரோபிப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளரானதும் இன்னொரு சர்ச்சை. 1968இல், ஹென்றி ஒவுவோர் அன்யும்பா, தபான் லோ லியோங் ஆகியோருடன் சேர்ந்து, ஆங்கிலத்துறையை ஒழித்து அதன் இடத்தில் ஆபிரிக்க இலக்கியத்தை மையமாகக் கொண்ட துறையொன்றை அமைக்கவேண்டுமென்று எழுத்தில் முன்வைத்தார். ஷேக்ஸ்பியரைத் தூக்கியெறியும்படி அவர்கள் சொல்லவில்லை. எங்கே நின்றுகொண்டு ஷேக்ஸ்பியரைப் பார்ப்பது என்பதே அவர்களுடைய கேள்வி. அதுவரை ஜேம்ஸ் நுகுகி என்றே அவர் எழுதிவந்தார். 1970இல் ஒரு திருச்சபை மாநாட்டிற் பேசும்போது, தாம் கிறிஸ்தவர் அல்லர் என்றார். கோபங்கொண்ட முதியவர் ஒருவர், ‘அப்படியானால் ஜேம்ஸ் என்ற பெயர் எதற்கு?’ என்ற பாணியில் மடக்கினாராம். அதன் பின்னரே அந்த முற்பெயர் உதிர்ந்தது.

1977 ஜூலையில் அவரது கடைசி ஆங்கில நாவலான ‘இரத்த இதழ்கள்’ வெளிவந்தது. வெளியீட்டு விழாவில் அப்போதைய நிதியமைச்சர் முவாய் கிபாக்கி கலந்துகொண்டார். சுதந்திரத்தின் பின் செல்வந்தராகிய கறுப்புத் துரைமாரைக் கடுமையாகச் சாடும் நாவல் அது. முதற் பாதியில், வரட்சியால் வாடிய கிராமத்தவர் நைரோபிக்கு நடந்து செல்லும் பயணம் மறக்க முடியாதது. பிற்பாதியிலே பாத்திரங்கள் பிரசங்கம் செய்யத் தொடங்கிவிடுகின்றன. கரேகா என்ற பாத்திரம் வாய் திறக்கும்போதெல்லாம் ஆசிரியரின் குரலே கேட்கிறது. இப்படிச் சொல்வதை அவரது அபிமானிகள் சிலர் விரும்பமாட்டார்கள்.

இத்தனை கடுமையான நூலுக்காக அரசு அவரைத் தொடவில்லை. அதை வாசிக்கக்கூடியவர்கள் சிறு தொகையினர். அரசைக் கலங்க வைத்தது வேறொன்று.

1976இல் கமிரீது கிராமத்துப் பெண்ணொருவர் அவர் வீடு தேடி வந்தார். ‘நீ நிறையப் படித்தவனாம், புத்தகம் எழுதுகிறவனாம், ஊருக்கு ஏதாவது செய்யக்கூடாதா?’ என்பதே அவரது கேள்வி. வேறுவேறு நாட்களில் திரும்பத் திரும்ப வந்து அதையே கேட்டாராம். கிராமத்துச் சமூக நிலையத்தில் முதலில் முதியோருக்கு எழுத்தறிவு வகுப்பு நடந்தது. பின்னர் நாடகம். நுகுகியும் நுகுகி வா மிரீ என்பவரும் சேர்ந்து கிக்கூயுவில் எழுதிய அந்நாடகத்தின் பெயருக்கு, ‘நான் விரும்பியபோது மணஞ்செய்வேன்’ என்று பொருள். சிறிய காணித்துண்டொன்றை மட்டுமே உடைய கூலியாள் ஒருவனை, தேவாலயத்திற் கலியாணம் செய்யும்படி தூண்டி, அதற்கு வங்கிக்கடன் எடுக்க வைத்து, காணியைப் பறித்துக்கொள்ளும் கதை. நடித்தவர்கள் தேயிலைத் தோட்டத் தொழிலாளர், லிமுறுவிலுள்ள பாட்டா சப்பாத்துத் தொழிற்சாலையில் வேலை செய்தோர், வேலையற்றோர். பிரதியை வாசித்த முதியவர்கள், ‘ஒரு கிழவன் இப்படிப் பேசமாட்டான்’ என்று திருத்தினார்கள். பல்கலைக்கழக விரிவுரையாளர் தம் தாய்மொழியைக் கூலித் தொழிலாளரிடம் மீண்டும் பாடங்கேட்டார். இரண்டாயிரம் பேர் அமரக்கூடிய திறந்தவெளி அரங்கைக் கிராமத்தவர் தாங்களே கட்டினர்.

1977 ஒக்டோபர் 2ஆம் திகதி அரங்கேற்றம். தூரத்துக் கிராமங்களிலிருந்தெல்லாம் சனம் வாகனம் பிடித்து வந்தது. நவம்பர் 16ஆம் திகதி நாடகம் தடைசெய்யப்பட்டது. ஆண்டின் இறுதி நாளன்று, நள்ளிரவில் வந்த பொலிசார் நுகுகியைக் கைதுசெய்து கொண்டுபோயினர். வழக்குமில்லை, விசாரணையுமில்லை.

கமிதி உயர்காவற் சிறைச்சாலை. அங்கே அவருக்குப் பெயரில்லை, இலக்கமே உண்டு. அங்கேதான், இனி நாவல் எழுதினால் அது கிக்கூயுவில்தான் என்று தீர்மானித்தார். சிறையில் வேறு தாள் கிடைக்காமையால் மலசலகூடத் தாளில் எழுதினார். கைதிகளின் உடம்பை உறுத்தவே செய்ததுபோன்ற முரட்டுத் தாள். அந்த முரட்டுத்தனமே பேனாவுக்கு வாய்ப்பாயிற்று! ஒருநாள் சோதனையில் முழுப் பிரதியும் அகப்பட்டுக்கொண்டது. மூன்று வாரங்களின் பின், என்ன நினைத்தார்களோ, திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அந்த மூன்று வாரங்களை நினைத்தால் எழுதுகிற எவருக்கும் நெஞ்சு பதறும்.

மொழியும் இலகுவில் வசப்படவில்லை. கிக்கூயுவில் அச்சிலிருந்தவை பெரும்பாலும் வேதாகமமும் பாடப்புத்தகங்களுந்தான். குறில் நெடிலையும் தொனி வேறுபாட்டையும் சரிவரக் காட்டாத எழுத்துமுறையை மிஷனரிமார் விட்டுச் சென்றிருந்தனர். நவீன நாவலுக்கு முன்மாதிரியே இல்லை. ஆகவே வாய்மொழிக் கதைமரபிடம் போனார். ‘சிலுவையிற் சாத்தான்’ என்று பொருள்படும் அந்நாவலில் திருடர்களும் கொள்ளையரும் ஒரு குகையிற் கூடிப் போட்டி நடத்துகிறார்கள். யார் அதிகமாகக் கொள்ளையடித்தவர் என்பதே போட்டி. மண்ணைத் தகரத்தில் அடைத்து விற்கலாம், காற்றையும் விற்கலாம் என்று ஒருவன் யோசனை சொல்கிறான். சிரிப்பு வரும், பிறகு நின்றுவிடும்.

1978 ஓகஸ்டில் ஜனாதிபதி கென்யாட்டா காலமானார். டிசம்பரில் நுகுகி விடுதலையானார். பல்கலைக்கழக உத்தியோகம் திரும்பக் கிடைக்கவில்லை. கிக்கூயு நாவலை நைரோபியில் வெளியிட முன்வந்தவர் ஹென்றி சக்காவா என்ற பதிப்பாளர். மிரட்டல்கள் வந்தன. ஆயுதந்தாங்கியோர் தாக்கியதிற் கைவிரலிற் காயமுற்றார். அவர் பின்வாங்கவில்லை. எழுத்தாளரின் துணிவைப் பேசுகிற நாம் பதிப்பாளரின் துணிவைப் பேசுவது குறைவு.

1980இல் நூல் வெளிவந்ததும் நடந்தது எவரும் எதிர்பாராதது. குடும்பங்கள் மாலையிற் கூடியிருக்க, எழுத்தறிந்த ஒருவர் உரத்து வாசித்தார். தொழிற்சாலைகளில் மதிய உணவு வேளையில் வாசித்தார்கள். பஸ்ஸில் வாசித்தார்கள். மதுச்சாலைகளில் ஒருவர் வாசிக்க, கிண்ணம் காலியானதும் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் நிரப்பிக் கொடுத்தார்களாம். சுவையான கட்டத்தில் வாசிப்பவர் நிறுத்திவிட்டுக் காலிக் கிண்ணத்தைப் பார்ப்பாராம்!

1982இல் அடுத்த நாடகத்துக்கு அனுமதி மறுக்கப்பட்டது. கமிரீது அரங்கைப் பொலிசார் இடித்துத் தள்ளினர். தமது நாவலின் ஆங்கில வடிவத்தின் வெளியீட்டுக்காக லண்டன் சென்றிருந்த நுகுகிக்கு, திரும்பினாற் கைது நிச்சயம் என்ற செய்தி கிடைத்தது. அந்தப் பயணம் இருபத்திரண்டு வருடம் நீண்டது. புலம்பெயர்ந்திருந்து எழுதிய ‘மத்திகாரி’ 1986இல் கென்யாவில் வெளியாயிற்று. மத்திகாரி என்பவன் நாடெங்கும் நீதியைத் தேடித் திரிகிறான் என்று கிராமத்தவர் பேசிக்கொள்வது புலனாய்வினரின் காதில் விழ, அவனைக் கைதுசெய்யும்படி உத்தரவு பிறந்தது. ஆள் ஒரு கதாபாத்திரம் என்று தெரிந்ததும், கடைகளுக்குள் நுழைந்து புத்தகத்தைக் கைப்பற்றினார்கள்.

இனி, எதிர்வாதத்தையும் கேட்போம். ஆங்கிலம் தனது ஆபிரிக்க அனுபவத்தைச் சுமக்கும், ஆனால் அதைத் தன் தேவைக்கேற்ப வளைக்கவேண்டும் என்பது அச்செபேயின் நிலைப்பாடு. நைஜீரியாவின் பல நூறு மொழிகளுக்கிடையே வேறென்ன பாலம் உண்டு என்ற அவரது கேள்வியை அலட்சியப்படுத்த முடியாது. கென்யாவிலும் கிக்கூயு பேசாதவர்களே பெரும்பான்மையினர். நுகுகி சொன்ன விடை மொழிபெயர்ப்பு. ஒவ்வொரு மொழியிலும் எழுதுங்கள், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுசெல்லுங்கள் என்றார். ஆனால் நடைமுறையில், அவருடைய நூல்கள் உலகை அடைந்தது பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியாகவே. அந்த ஆங்கிலத்தையும் பெரும்பாலும் அவரே எழுதினார். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இருந்துகொண்டு, தன் மொழி காதில் விழாத நகரங்களில், கமிரீதுக் கிழவர்களின் திருத்தங்கள் இல்லாமல் எழுதவேண்டியிருந்தது. இதை அவரது கொள்கையின் தோல்வி என்று நான் கருதவில்லை. நாடுகடத்தலின் விலை என்றே கருதுகிறேன். ஆயினும் விலை விலைதான். 2006இல் ஆங்கிலத்தில் வந்த ‘காக மந்திரவாதி’ எழுநூறு பக்கங்களுக்கு மேற்பட்டது. வானத்தைத் தொடும் கோபுரம் கட்டக் கடன் கேட்கும் சர்வாதிகாரியின் கதை. அங்கதம் அபாரம். ஆனால் அதை வாசிக்கும்போது, பக்கத்திலிருந்து ஒருவர் ‘இது போதும்’ என்று சொல்லியிருக்கலாமே என்று பலமுறை எனக்குத் தோன்றியது.

2004இல் தாயகம் திரும்பிய அவருக்கு மக்கள் பெருவரவேற்பளித்தனர். சில நாட்களுக்குள், நைரோபியில் அவர் தங்கியிருந்த இடத்துக்குள் புகுந்தோர் அவரையும் மனைவியையும் கொடூரமாகத் தாக்கினர். அதன் பின்னரும் எழுதினார். கிக்கூயு மக்களின் தோற்றக் கதையைச் செய்யுளில் விரித்த அவரது நூல், 2021இல் சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. ஆபிரிக்க மொழியொன்றில் எழுதப்பட்ட நூல் அந்தப் பட்டியலுக்கு வந்தது அதுவே முதற்தடவை. நொபெல் பரிசு அவருக்குக் கிடைக்குமென்று ஆண்டுதோறும் பேசப்பட்டது. கிடைக்கவில்லை.

நுகுகியை வாசிக்க விரும்பும் நேயர்கள், ஆங்கிலம் முடியுமானால் ‘ஒரு கோதுமை மணி’யிலிருந்து தொடங்கலாம். சற்று நிதானமாக வாசிக்கவேண்டும், காலம் முன்னும் பின்னுமாகப் போகும். தமிழில் ‘சிலுவையில் தொங்கும் சாத்தான்’ என்ற பெயரில் அவரது சிறைநாவல் மொழிபெயர்க்கப்பட்டிருக்கிறது. நூலகங்களில் விசாரித்துப் பாருங்கள். கிடைத்தால், அந்தக் குகைப் போட்டி நடக்கும் அத்தியாயத்தை வீட்டிலுள்ளவர்களைக் கூட்டி வைத்து உரத்து வாசியுங்கள். அது அப்படி வாசிப்பதற்கென்றே எழுதப்பட்டது.